பிளேஸ்டோ அக்காவின் கல்யாணப் பெட்டி

“செருப்பைக் கழட்டாத பிள்ளை, இப்பவே வெளிக்கிட வேணும்!”

கதவு முழுதாகத் திறப்பதற்குள் உத்தரவு வந்துவிட்டது. சனிக்கிழமை காலை ஏழு மணி, கிழக்கு லண்டன், பிளேஸ்டோ. வாசலில் நின்றபடி எட்டிப் பார்க்கிறேன். அக்கா மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் இருக்கிறார். காலில் ஓடுவதற்குப் போடும் ஷூ. பட்டுக்கு மேல் முழங்கால் வரை மழைக்கோட்டு. ஒரு கையில் தேநீர், இன்னொரு கையில் போன். போனுக்குள் ஒரு மூதாட்டி ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அக்கா, வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி, அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்.

“பொம்பிளையின்ர அம்மம்மா. பேத்தியின்ர பேரை எப்பிடிக் கூப்பிடுறவ எண்டு குரல் பதிஞ்சு அனுப்பச் சொன்னனான்.”

தமிழ்ப் பெயர்தானே, உங்களுக்குத் தெரியாததா என்று கேட்டேன்.

“பேர் தெரியும். அந்த வீட்டில அதை எப்பிடிக் கூப்பிடுறவை எண்டு தெரிய வேண்டாமோ?”

அந்த ஒரு கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன். அக்கா கல்யாணம் நடத்திவைப்பவர். ஐயரும் இல்லை, அரசாங்கப் பதிவாளரும் இல்லை. இந்த நாட்டில் ‘செலிபிரன்ட்’ என்பார்கள். வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. சனி, ஞாயிறுகளில் மணவறைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பேரைச் சேர்த்துவைப்பார். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. ஆயிரம் கல்யாணத்துக்குப் போயிருப்பேன், எல்லாம் மூன்றாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவைதான். இன்று முதல்முறையாகப் பின்கதவு வழியாக உள்ளே போகிறேன். வாங்க, நீங்களும் கூடவே வாங்க!

முதலில் அந்தப் பெட்டியைக் காட்டியாக வேண்டும். சக்கரம் வைத்த சின்ன சூட்கேஸ், விமானத்தில் கையோடு கொண்டுபோகிற அளவு. சமையலறைத் தரையில் திறந்து கிடக்கிறது. பெரிய எழுத்தில் அச்சடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்ட தாள்கள். மைக்குக்கு நான்கு பேட்டரி. கத்தரிக்கோல், ஊசி நூல், ஒரு டப்பா நிறைய ஊக்கு. தீப்பெட்டியோடு துணைக்கு ஒரு லைட்டர். பனங்கற்கண்டுப் பொட்டலம், தொண்டைக்கு. மஞ்சள் துண்டு கட்டிய ஒரு தாலிக்கயிறு. “இது என்னத்துக்கு அக்கா, மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவர மாட்டார்களா?” என்றேன். “கொண்டு வருவினம். வந்து சேருமோ எண்டதுதான் கேள்வி” என்று சிரித்துப் பெட்டியை மூடினார்.

கிரீன்கேட் நிறுத்தத்தில் 115ஆம் நம்பர் பஸ். பட்டுச்சேலையோடு பஸ்ஸில் ஏறும் அக்காவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிங் ரோட்டில் சனிக்கிழமை காலையில் இதெல்லாம் சாதாரணம். ஊரின் பெயரை நாம் எழுதுவது பிளேஸ்டோ என்றுதான். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ‘பிளாஸ்டோ’ என்று நெடிலை இழுத்துச் சொல்கிறார்கள். பஸ் ஓட்டுநரிடம் அக்காவும் அப்படித்தான் சொன்னார். பெயரை உரியவர் வாயிலிருந்து கேட்டு வாங்குகிற பழக்கம் ஊர் வரைக்கும் போயிருக்கிறது!

மேல்மாடியில் முன் இருக்கை கிடைத்தது. சூட்கேஸ் காலுக்கிடையில். இந்த வேலைக்குள் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

வந்த வழி காதுவழி என்றுதான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பதிவுத் திருமணத்தின்போது சொல்ல வேண்டிய சட்ட வாக்கியங்களை ஆங்கிலத்தில்தான் சொல்லவேண்டும். மணமக்களில் ஒருவருக்கு ஆங்கிலம் விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தெரிந்த குடும்பம் ஒன்று அப்படிக் கூப்பிட, அக்கா போய் நின்றார். ஊரிலிருந்து வந்து சில மாதமே ஆன மணப்பெண். அவள் காதில், ‘இப்ப அவை என்ன கேக்கினம், நீ என்ன சொல்லப்போறாய்’ என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். “அந்தப் பிள்ளை ஒரு நிமிசம் என்ர முகத்தையே பாத்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். தான் என்ன சொல்லுறன் எண்டு தெரிஞ்சு சொன்னாள் பார், அது எனக்குள்ள கிடந்து அடிச்சுது.” அதன்பின் அடுத்த குடும்பம், அடுத்த குடும்பம். பிறகு ஒரு வீட்டில் மாப்பிள்ளை வெள்ளைக்காரர், சடங்கை இரண்டு பக்கத்துக்கும் விளங்கும்படி நடத்திவைக்க ஆள் இல்லை, நீங்களே செய்யுங்கள் என்றார்கள். செய்தார்.

இந்த வேலைக்கு இங்கிலாந்தில் உரிமம் எதுவும் தேவையில்லை. வார இறுதிப் பயிற்சி ஒன்றுக்குப் போனார். அனுபவமுள்ள ஒருவரின் பின்னால் நின்று சில கல்யாணங்களைப் பார்த்தார். பதிவாளராகவே ஆக விரும்புகிறவர்களுக்கு வேறு பாதை: உள்ளூர்க் கவுன்சிலில் சேர வேண்டும். வார இறுதிக்கு மட்டும் வேலைக்கு எடுக்கிற கவுன்சில்களும் உண்டு. திருமணத்துக்கெனப் பதிவுசெய்த கோயிலோ தேவாலயமோ இருந்தால், அதன் நிர்வாகம் அதிகாரம் பெற்ற ஒருவரை நியமித்து அங்கேயே பதிவை முடிக்கலாம். அக்கா இவை எதற்கும் போகவில்லை. “எனக்குக் கதை சொல்ல வேணும். கவுன்சில் ஆக்களுக்கு அதுக்கு நேரம் குடுக்கமாட்டினம்.”

மண்டபம் வந்துவிட்டது. முன்வாசலில் வாழைமரமும் நிறைகுடமும் அம்சமாக நிற்கின்றன. நாம் அந்தப் பக்கம் போகவில்லை. குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, சமையல் வேன் பின்னால் திரும்பி நிற்கிற சந்துக்குள் போகிறோம். ஆகா, இந்தப் பின்கட்டு இருக்கிறதே! பொன்னிற மணவறைத் தூண் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. தட்டிப் பார்த்தேன், தெர்மோகோல். அதன் தலைப்பகுதி யாரோ ஒருவரின் மடியில், பசை காயக் காத்திருக்கிறது. தவில்காரர் தீயணைப்புக் கருவிக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, விரல்களில் ஒவ்வொன்றாகக் கூடு மாட்டுகிறார். நாதஸ்வரக்காரர் சமோசா சாப்பிடுகிறார். பூப்பெட்டிகள், தண்ணீர்ப் போத்தல்கள், ஒன்றோடொன்று பின்னிய மின்கம்பிகள். நடுவில் நான்கு வயதுப் பையன் ஒருவன், ஷெர்வானியில், குளிர்பெட்டி மேல் ஏறி நின்று அரசன்போல எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிறான்.

அக்கா மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஷூவிலிருந்து செருப்புக்கு மாறினார். அடுத்த அரைமணி நேரம் அவரைப் பிடிக்க நான் ஓடவேண்டியிருந்தது.

இன்று இரண்டு கல்யாணம், ஒரே ஜோடிக்கு. மேல்மாடிச் சின்ன அறையில் முதலில் ‘எழுத்து’. பதிவுத் திருமணத்துக்கு யாழ்ப்பாணத்தாரின் சொல் அது. ‘எழுத்து முடிஞ்சுதோ?’ என்று கேட்டால் ‘சட்டப்படி கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்று பொருள். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. அது முடிந்ததும் கீழே பெரிய மண்டபத்தில், அக்கா நடத்திவைக்கும் தமிழ்க் கல்யாணம்.

எழுத்துக்கு முதலில் குறித்த நேரம் பத்து மணி. மாப்பிள்ளையின் பெரியப்பா துள்ளி எழுந்துவிட்டாராம். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம்! லண்டன் சூரிய உதயத்துக்கு அந்தக் கணக்கு மாறும் என்று ஒரு மருமகன் சொல்லிப் பார்த்திருக்கிறார். பெரியப்பா மசியவில்லை. அக்காதான் நடுவில் நின்று, கவுன்சிலோடு மின்னஞ்சலில் பேசி, பதினொன்றுக்கு மாற்றிக்கொடுத்தார். பதிவாளர்களுக்கு அடுத்த கல்யாணம் வேறிடத்தில் காத்திருக்கும். பதினொன்று என்றால் பதினொன்றேதான்.

பத்தேகாலுக்குப் பதிவாளர்கள் வந்தார்கள். இருவர், இரண்டு பேருமே பெண்கள். ஒருவர் திருமணத்தை நடத்துவார், மற்றவர் பதிவார். சட்டமே இரண்டு பேர் வேண்டும் என்கிறது. மூத்தவர் அறைக்குள் நுழைந்ததும் ஒரு சுற்றுப் பார்த்தார். மேசை ஓரத்தில் பித்தளைப் பிள்ளையார். ஜன்னல் விளிம்பில் ஆவி பறக்க ஒரு தட்டு உளுந்துவடை. இரண்டும் பிரச்சினை!

பதிவுத் திருமணத்தில் சமயச் சாயல் கூடாது. நடக்கும் அறையில் ஒரு மணி நேரம் முன்பிருந்தே உணவும் கூடாது. அந்த அம்மா மிகுந்த மரியாதையோடு, கொஞ்சம் சங்கடத்தோடு அதைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அக்கா பிள்ளையாரை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார். “வாங்கோ ஐயா, அரை மணித்தியாலம் கீழ இருங்கோ. உங்கட முறை பிறகு வருது.” படியிறங்கிப் போகும் பிள்ளையாருக்குத் தவில்காரர் எழுந்து வழிவிட்டார். வடைத்தட்டு என் கையில். சூடு விரலைச் சுட்டது. அந்த வாசனையோடு பதினாறு படி இறங்குவது லேசான காரியமில்லை!

கதவை மட்டும் பூட்டக்கூடாது. இங்கிலாந்தில் கல்யாணம் நடக்கும் இடத்துக்குள் யார் வேண்டுமானாலும், காசு கொடுக்காமல், வந்து உட்கார உரிமை உண்டு. ஆட்சேபணை சொல்ல ஒருவர் இருந்தால் அவர் உள்ளே வரமுடிய வேண்டும் அல்லவா? இதற்கு முன்பே, இருவரும் தாம் வசிக்கும் பகுதிப் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். அது 28 நாள் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். குடிவரவுக் கட்டுப்பாட்டில் உள்ளவர் என்றால் 70 நாள் வரைகூட நீளலாம். இந்த ஜோடி வசந்தகாலத்திலேயே கொடுத்துவிட்டார்கள்.

இனி வருகிறது நான் பார்த்ததிலேயே அருமையான காட்சி. மாடிப்படித் திருப்பம், தீயணைப்புக் கதவுக்குப் பக்கத்தில். மூத்த பதிவாளர் கையில் ஒரு சின்ன அட்டை. அதில் மணமகள் பெயரைத் தனக்கு விளங்கும் விதமாகத் துண்டுதுண்டாக வெட்டி எழுதிவைத்திருக்கிறார். பெயரில் இரண்டு ழகரம். அக்கா போனை எடுத்து அம்மம்மாவின் குரலைப் போட்டார். பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சொன்னார். லகரம் வந்தது. மறுபடி. இப்போது ரகரம். அக்கா வாயைத் திறந்து, நாக்கை மேலே மடித்துக் காட்டினார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள், ஒருவர் பட்டிலும் ஒருவர் கருநீலக் கோட்டிலும், ஒருவர் வாயை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆறாவது தடவை ஏதோ வந்தது. ஏழாவது தடவை ழகரமே வந்தது! நான் கைதட்டிவிட்டேன். பதிவாளர் அட்டையில் ஏதோ ஒரு சுழியைப் போட்டுக்கொண்டார். அந்தச் சுழியில் நம் ழகரம் இருக்கிறது.

அதன்பிறகு மணமக்களோடு தனித்தனியாகப் பேச்சு. பெயர், பிறந்த தேதி, தொழில், பெற்றோர் விவரம் எல்லாம் சரிபார்ப்பார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் வந்திருக்கிறார்களா என்பதையும் கண்ணால் அளப்பார்கள். எனக்கு அந்த அறைக்குள் இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் வெளியே வந்த மணமகள், கூந்தல் பாதி பின்னியபடியே ஓடிப்போய்த் தன் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது: “அம்மா, உங்கட பேரும் இருக்கு!” 1837 முதல் இந்த நாட்டுத் திருமணப் பதிவில் தந்தை பெயருக்கு மட்டும்தான் இடம். 2021 மே 4இல்தான் பழைய பதிவேட்டுப் புத்தகம் போய், புதிய படிவம் வந்து, அதில் தாய் பெயரும் ஏறியது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மகளின் நெற்றிச்சுட்டியை நேராக்கிவிட்டார். இரண்டு தடவை நேராக்கினார். அது முதலிலேயே நேராகத்தான் இருந்தது.

பதினொரு மணி. அறைக்குள் நாற்பது பேர். நானும் அக்காவும் திரைச்சீலை ஓரம். எழுத்தில் அக்காவுக்கு வேலை ஏதும் இல்லை, ஆனாலும் அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. சட்டத்துக்கு வேண்டியது அடிப்படையில் இரண்டே வாக்கியம். தடை ஏதும் இருப்பதாகத் தனக்குத் தெரியாது என்று ஒன்று. இங்கே கூடியிருப்பவர்கள் சாட்சியாக இவரை என் மனைவியாக, கணவராக ஏற்கிறேன் என்று ஒன்று. அவ்வளவுதான். சாட்சி இரண்டு பேர். பூவும் இசையும் வாசிப்பும் அவரவர் விருப்பம். வாசிப்பைக்கூட முன்னதாகவே அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். இந்தக் குடும்பம் திருக்குறளில் இன்பத்துப்பாலிலிருந்து எடுத்து, ஆங்கில விளக்கத்தோடு அனுப்பியிருந்தார்கள். எந்தத் தடையும் இல்லாமல் சம்மதம் வந்தது.

மாப்பிள்ளையின் பின்கழுத்தை இங்கிருந்து பார்க்க முடிகிறது. முன்னாலிருந்து நாற்பது பேரும் பார்ப்பது கம்பீரமான கோட்டு. நமக்குத் தெரிவது சட்டைக் காலரின் ஈர வளையம். தோழன் ஒரு காகித டிஷ்யூவை முதுகுப்பக்கமாக நீட்ட, மாப்பிள்ளை திரும்பாமலேயே வாங்கிக்கொண்டார். ‘ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்’ என்று பதிவாளர் கேட்டு நிறுத்தியபோது அறை மூச்சைப் பிடித்தது. எங்கோ ஒரு போன் கோயில் மணிபோல ஒலித்தது. பெரியப்பாவுடையதுதான்! அவர் பையைத் தடவுகிற சத்தம் தவிர வேறில்லை. பதிவாளர் புன்னகையோடு காத்திருந்தார்.

பிறகு மணமகளின் பெயரைச் சொன்னார். முழுப்பெயர். இரண்டு ழகரமும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தன.

முன்வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அம்மம்மா தலையை நிமிர்த்தினார். பக்கத்திலிருந்த பேரனின் கையைத் தட்டி, ‘கேட்டியோ?’ என்றார், அறை முழுக்கக் கேட்க. அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். இன்னும் வலிக்கிறது, அவ்வளவு சந்தோஷம்!

கையெழுத்துக்கு ஒரு ரகசியம் உண்டு. ஆல்பங்களில் மணமக்கள் பேனாவோடு குனிந்திருக்கும் படம் இருக்கிறதே, அது பெரும்பாலும் வேறொரு தாள்! உண்மையான படிவத்தில் எல்லோர் விவரமும் இருப்பதால் அதைப் படம்பிடிக்க விடுவதில்லை. கையெழுத்து முடிந்ததும் அதை மூடி வைத்துவிட்டு, வெறும் தாளொன்றை முன்னால் வைப்பார்கள். இருவரும் மறுபடி குனிந்து எழுதுவதுபோல் பாவனை செய்ய, படப்பிடிப்பாளர் ‘இன்னுமொருக்கா, சிரிச்சுக்கொண்டு’ என்பார். எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை அந்த வெற்றுத்தாளில் என்ன எழுதினார் தெரியுமா? ‘வடை எங்கே’.

வடை கீழேதான் இருந்தது. பதிவாளர்கள் இருவரும் கிளம்பும்போது அக்கா விடவில்லை. சந்துக் கதவோரம் நின்றபடி ஆளுக்கு இரண்டு. இளையவர் தேங்காய்ச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டு, கோட்டில் சிந்தாமல் காத்த வித்தையைப் பாராட்ட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. இங்கிலாந்தில் சட்டம் பெரும்பாலும் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கிறது. ஸ்காட்லாந்தில் நடத்திவைக்கும் ஆளுக்கே அனுமதி. 2005 முதல் அங்கே சமயம் சாராத மனிதநேய அமைப்பினர் நடத்தும் கல்யாணமும் செல்லும். இங்கேயும் ஆளை மையமாக வைத்துச் சட்டத்தை மாற்றலாம் என்று சட்ட ஆணையம் 2022 ஜூலையில் பரிந்துரை செய்தது. மாற்றப்போவதாக 2025 அக்டோபரில் அரசாங்கமும் அறிவித்தது. “அது வந்தா நானும் படிச்சு அந்தப் படிவத்தில கையெழுத்து வைப்பன்” என்றார் அக்கா. விரலில் எண்ணெய். கண்ணில் அப்படியொரு ஆசை. வரட்டும், சீக்கிரம் வரட்டும்!

இப்போது கீழ் மண்டபம். முந்நூறு பேர். பிள்ளையார் மணவறைக்குத் திரும்பிவிட்டார். அக்கா ஒரு பனங்கற்கண்டை வாயில் போட்டு, தாள்களை எடுத்து, மைக்கை ஊதிப் பார்த்தார். இரண்டு வீட்டு அம்மா அப்பாக்களும் சேர்ந்து விளக்கேற்றினார்கள். ஓமம் இல்லை. (இந்த ஊர் மண்டபங்களில் புகை எழுந்தால் முதலில் வருவது தீ அலாரம், ஓமம் வளர்க்கிற வீடுகள் அதற்கெனத் தனி ஏற்பாடு செய்தாக வேண்டும்.) மணமக்கள் முதலில் சந்தித்த கதையை அக்கா தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தார். ஒரு நூலக வரிசையில் குடையை மாற்றி எடுத்துப்போன கதை. மூன்று தொலைபேசி உரையாடலில் சேகரித்து, நான்கு தடவை திருத்தி எழுதியது.

அடுத்தது கூறை. மாப்பிள்ளை கூறைச்சேலைத் தட்டத்தைக் கொடுக்க, மணமகள் அதை உடுத்தி வந்தபிறகே தாலி. யாழ்ப்பாண முறை. எங்கள் பக்கத்தில் கூறைப்புடவை உண்டு, ஆனால் மேடையிலிருந்து இப்படி ஓட்டமாக ஓடுகிற காட்சி எனக்குப் புதிது. நானும் ஓடினேன். உடைமாற்றும் அறையில் ஆறு பெண்கள், ஒரு கண்ணாடி, தலைக்குத் தெளிக்கும் மருந்தின் மணம். ஒருத்தி கொசுவம் மடிக்கிறாள், ஒருத்தி ஊக்கைப் பல்லில் கடித்திருக்கிறாள், ஒருத்தி மணமகள் வாயில் உறிஞ்சுகுழாய் வைத்துத் தண்ணீர் கொடுக்கிறாள். “கெதியா, கெதியா!” ஊக்கு தீர்ந்துபோயிற்று. அக்காவின் பெட்டி நினைவுக்கு வர, டப்பாவோடு பாய்ந்தேன். அந்த அறையில் எனக்குக் கிடைத்த வரவேற்பை வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

அதே நேரம் மேடைக்குப் பின்னால் இன்னொரு கலவரம். தாலிக்கொடி மாப்பிள்ளையின் அக்காவிடம். அவர் காரில். கார் நிறுத்த இடம் தேடி மூன்றாவது தெருவில். தோழன் வெள்ளையாகிவிட்டான். அக்காவோ மேடையில் மைக்கோடு முந்நூறு பேரைக் கட்டிவைத்திருக்கிறார். கூறையின் கதை, மாப்பிள்ளையின் தாத்தா கல்யாணத்துக்கு மாட்டுவண்டியில் போன கதை, வந்திருப்பவர்களில் கல்யாணமாகி ஐம்பது வருடம் தாண்டியவர்கள் கை உயர்த்துங்கள் என்று ஒரு விளையாட்டு. நான்கு கைகள் உயர்ந்தன. அரங்கமே கைதட்டியது. ஒருவருக்கும் எதுவும் தெரியாது! பேசிக்கொண்டே இடது கையால் என்னிடம் சைகை காட்டினார்: பெட்டியில் மஞ்சள் கயிறு. எடுத்துக் கையில் மூடி வைத்துக்கொண்டேன். என் உள்ளங்கை வேர்த்து மஞ்சள் ஒட்டிக்கொண்டது. கூறையில் மணமகள் படியேற, பின்கதவு படாரென்று திறக்க, மாப்பிள்ளையின் அக்காக்காரி செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். மறு கையில் சிவப்புப் பெட்டி. கயிறு மறுபடி சூட்கேஸுக்குள் போயிற்று. இதுவரை மூன்று தடவை அது வெளியே வந்திருக்கிறதாம், ஒருதடவைகூடக் கழுத்தில் ஏறியதில்லை.

தாலிக்கு முன்னால் அக்கா மைக்கைத் தாழ்த்திப் பிடித்தார். இனிக் கதை இல்லை. மணமக்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, அவரவருக்கு விளங்கும் மொழியில், ‘உன்னை என் துணையாக ஏற்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். ஒருவர் தமிழில் சொன்னார், மற்றவர் தமிழில் தொடங்கி நடுவில் தொண்டை அடைத்து, ஆங்கிலத்தில் முடித்தார்.

எனக்குச் சிலிர்த்தது. ஏன் என்று சொல்கிறேன். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்று ஒரு கிராமம். 1928இல் பெரியார் அங்கேதான் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது சட்டமாயிற்று, இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவாக. உறவினரோ நண்பர்களோ சூழ, இருவரும் தங்களுக்கு விளங்கும் மொழியில் ஏற்பதாகச் சொன்னாலே போதும். மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் போதும். புரோகிதர் வேண்டியதில்லை. பழைய சுயமரியாதைத் திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. அப்படியென்றால் இப்போது என் கண்முன் நடந்தது தமிழ்நாட்டில் முழுமையான கல்யாணம். பிளேஸ்டோ பக்கத்தில் சட்டத்தின் கணக்கில் அது காலையிலேயே மாடியில் முடிந்துவிட்டது. இந்த இரண்டாவது வாக்குக்கு எந்தப் படிவமும் இல்லை. ஆனாலும் முந்நூறு பேரும் எழுந்து நின்றது இதற்குத்தான்.

கெட்டிமேளம். பக்கத்திலிருந்தவர் முகம்கூடத் தெரியாத அளவுக்கு அட்சதை மழை. தவில்காரரின் நெற்றியிலிருந்து வியர்வைத் துளிகள் தோலில் விழுந்து தெறிக்கின்றன. அக்கா மைக்கை அணைத்து, ஒரு காலடி பின்வாங்கி, தூணின் மறைவுக்கு வந்துவிட்டார். எல்லாப் படத்திலும் இருக்க வேண்டியவர்கள் அவர்கள் இரண்டு பேர் என்பதால், தாலி நேரத்தில் சட்டகத்துக்குள் நிற்பதில்லை என்று ஒரு விரதம் வைத்திருக்கிறார். தூண் லேசாக ஆடியது. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். மணமக்கள் மாலை மாற்றி முடிக்கும்வரை அந்தத் தெர்மோகோல் தூணைத் தாங்கியது நாங்கள்தான்!

மூன்று மணிக்குப் பின்கட்டில் சாப்பாடு. அக்கா செருப்பைக் கழற்றி, குளிர்பெட்டி மேல் கால் நீட்டி, தட்டில் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்துக்கொண்டார். குரல் கம்மிவிட்டது. அம்மம்மாவைப் பேரன் தள்ளிக்கொண்டு வந்தான். அவர் அக்காவின் கையைப் பிடித்து, அந்த வெள்ளைக்கார மனுசி எங்கே என்று கேட்டார். அவ போட்டா, அடுத்த கல்யாணத்துக்கு, என்றார் அக்கா. அம்மம்மாவுக்கு ஏமாற்றம். கைப்பையைத் திறந்து, வெள்ளித்தாளில் சுற்றிய இரண்டு பயித்தம் பணியாரத்தை எடுத்து, “காணேக்க குடு” என்று அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பொட்டலம் சூட்கேஸில், பேட்டரிகளுக்கும் மஞ்சள் கயிற்றுக்கும் இடையில். அக்கா மறுபடி ஷூவில், மழைக்கோட்டில். கிரீன்கேட்டை நெருங்கும்போது போன் சிணுங்கியது. அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு குரல்பதிவு. ஒரு காதுக்குழாயை என்னிடம் நீட்டினார். கொழும்பிலிருந்து ஒரு தாத்தா, தொண்டையைச் செருமிக்கொண்டு, பேரனின் பெயரை மெதுவாகச் சொன்னார். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்தார்.

“திருப்பிப் போடு பிள்ளை” என்றார் அக்கா. போட்டேன்.